குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு: குழந்தையின் விருப்பத்தையும் பெற்றோரின் விருப்பத்தையும் கேட்டறியும் முறை

குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில் பயிற்சி மருத்துவராகவோ, செவிலியராகவோ, சிகிச்சை நாற்காலி அருகே நிற்கும் உதவியாளராகவோ புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் பல் வலியோடு வந்தால் வலியைச் சொல்பவரும், முடிவெடுப்பவரும், வாயைத் திறந்து ஒத்துழைப்பவரும் அவரே. குழந்தை வரும்போது வலி குழந்தையிடம் இருக்கிறது, முடிவு பெற்றோரிடம் இருக்கிறது, என்ன செய்ய முடியும் என்ற அறிவு மருத்துவக் குழுவிடம் இருக்கிறது. இதைத்தான் 1975-இல் குழந்தைப் பல் மருத்துவர் ஜெரால்டு ரைட் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். குழந்தையை அதன் உச்சியில் வைத்தார். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கைவேலையைக் கற்பதிலேயே கவனமாக இருப்பதால், இந்த மூன்று தரப்பில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வேலை பின்தங்கிவிடுகிறது. கேட்காமல் தொடங்கிய சிகிச்சை பாதியில் நிற்பதையும், ஒரு முறை மிரண்ட குழந்தை பல ஆண்டுகள் பல் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவதையும் இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே விருப்பத்தைக் கேட்டறிவதைச் சிகிச்சையின் முதல் படியாகவே கொள்ளுங்கள்.

நேரம் குறிக்கும்போதே தொடங்குங்கள்

குழந்தை வந்த பிறகு கேட்க வேண்டியவற்றில் பாதியை, நேரம் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் குழந்தையை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், முன்பு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதுண்டா, தடுப்பூசியின்போது எப்படி நடந்துகொண்டது, சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றில் எது பிடிக்காது என்று கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இந்தக் கடைசிக் கேள்வி பெரிய ஆறுதலாக இருக்கும், ஏனெனில் பல இடங்களில் அவர்களாகவே சொல்ல முயன்றும் யாரும் நின்று கேட்டிருக்க மாட்டார்கள். விளக்கின் ஒளி பிடிக்காத குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி எடுத்து வைக்கலாம். காத்திருக்க முடியாத குழந்தைக்கு அன்றைய முதல் நேரத்தை ஒதுக்கலாம். முன்கூட்டியே படங்களைக் காட்டிப் பழக்கினால் ஒத்துழைக்கும் குழந்தைக்கு நாற்காலி, விளக்கு, முகக்கவசம் அணிந்த மருத்துவர் ஆகிய படங்களை அனுப்பி வைக்கலாம்.

சிறு குழந்தைகளுக்குக் காலை நேரமே ஏற்றது. பள்ளி முடிந்து, பசியும் தூக்கமுமாக மாலை ஆறு மணிக்கு வரும் நான்கு வயதுக் குழந்தையிடம் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. பெற்றோருக்கு விடுப்பு எடுப்பது கடினம் என்பதும் உண்மைதான். இருந்தாலும் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே அழைப்பில் பெற்றோரிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். "அழுதா டாக்டர் ஊசி போட்ருவாரு" என்று மிரட்ட வேண்டாம்; "ஊசியே போட மாட்டாங்க" என்று வாக்குறுதியும் கொடுக்க வேண்டாம். முதலாவது குழந்தையின் மனத்தில் நம்மைத் தண்டிப்பவராக்கிவிடுகிறது. இரண்டாவது பொய்யாகிப் போனால் அம்மாவையே நம்பாத நிலைக்குக் குழந்தை வந்துவிடும். "பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, என்ன செய்யப் போறாங்கன்னு உன்கிட்ட சொல்லுவாங்க" என்பது போதும்.

முதல் ஐந்து நிமிடங்கள்

குழந்தைகள் வெள்ளை அங்கியை வெறுக்கிறார்களா, வண்ண உடையை விரும்புகிறார்களா என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. பதற்றமுள்ள குழந்தைகள் வண்ண உடையை விரும்பியதாகச் சில ஆய்வுகளும், வெள்ளை அங்கியே பிடித்திருந்ததாக வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. எனவே உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. முகக்கவசம்தான் உண்மையான தடை. கவசம் அணியாத முகத்தோடு குழந்தையைச் சந்தித்து, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, வீட்டுப் பெயரால் அழைத்துப் பேசிவிட்டு, அதன் கண் முன்னாலேயே கவசத்தை அணியுங்கள்.

கூச்சமுள்ள குழந்தையிடம் உடனே பேச்சுக் கொடுக்காமல், முதலில் பெற்றோரிடம் பேசி, நாம் எப்படிப்பட்டவர் என்று குழந்தை பார்த்துக்கொள்ள அவகாசம் தருவது நல்லது. அம்மாவின் துப்பட்டாவைக் கையில் சுற்றிப் பிடித்தபடி நிற்கும் குழந்தை, அந்தப் பிடியைத் தானாகத் தளர்த்தும் வரை நாற்காலியின் பேச்சை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் போகும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் அரை மணி நேரத்தை இழப்பது இந்தப் பிரிவில் சாதாரணமாக நடக்கிறது.

வயதுக்கேற்ப எதைக் கேட்பது

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையிடம் விருப்பம் கேட்பதற்கு இடம் குறைவு. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் சேர எதிரெதிரே அமர்ந்து, குழந்தையைத் தாயின் மடியில் கிடத்தி, தலை மட்டும் மருத்துவரின் மடியில் வருமாறு வைத்துப் பார்ப்பதே இந்த வயதுக்குரிய முறை. குழந்தைக்குத் தாயின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அது அழும், இந்த வயதில் அழுவது இயல்பு என்றும், வாய் நன்றாகத் திறந்திருப்பதால் பார்க்க எளிது என்றும் தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் பதற மாட்டார்.

மூன்று முதல் ஆறு வயது வரை சின்னச் சின்னத் தேர்வுகள் பெரிய வேலை செய்யும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தோற்றம் முக்கியம், பெற்றோர் முன்னிலையில் கண்டிக்கப்படாமல் இருப்பது அதைவிட முக்கியம். பல் துலக்காததைப் பற்றி அம்மாவிடம் புகார் சொல்லும் தொனியில் பேசினால், அந்தப் பிள்ளையின் நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

உண்மையான தேர்வும் பொய்யான தேர்வும்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். "ஆரம்பிக்கலாமா கண்ணு?" என்று கேட்டால் குழந்தை "வேணாம்" என்று சொல்லும். சொன்ன பிறகும் நாம் தொடங்கினால், கேட்டதற்கு மதிப்பில்லை என்பதைக் குழந்தை ஒரே நொடியில் புரிந்துகொள்ளும். எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ள முடிகிற கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும். "மேல் பல்லை முதல்ல எண்ணலாமா, கீழ்ப் பல்லை முதல்ல எண்ணலாமா?" "அம்மா பக்கத்துல நிக்கணுமா, நாற்காலியில உக்காரணுமா?" "இந்தப் பச்சை டம்ளரா, மஞ்சள் டம்ளரா?" "ஃபுளோரைடு பூச்சு ஸ்ட்ராபெரியா, புதினாவா?" இவையெல்லாம் உண்மையான தேர்வுகள். எண்ண வேண்டுமா, பூச வேண்டுமா என்பது முடிவாகிவிட்டது. எப்படி என்பதைக் குழந்தையிடம் விட்டிருக்கிறோம்.

1959-இல் ஆடில்ஸ்டன் என்பவர் முறைப்படுத்திய 'சொல், காட்டு, செய்' என்ற வழியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நடைமுறையில் அதை இப்படிச் செய்து பாருங்கள். சுத்தம் செய்யும் ரப்பர் கப்பை மாட்டி, "இது பல்லுக்குக் குளிப்பாட்டுற தூரிகை, சுத்தும்போது கூச்சமா இருக்கும்" என்று சொல்லுங்கள். அடுத்து உங்கள் நகத்தின் மீது ஓட்டிக் காட்டி, குழந்தையின் நகத்தில் எந்த விரலில் வைக்கலாம் என்று அதையே காட்டச் சொல்லுங்கள். விரலை நீட்டும் அந்தச் செயலே அதன் சம்மதம். பிறகு, சொன்னதையும் காட்டியதையும் அப்படியே பல்லில் செய்யுங்கள். இடையில் வேறு கருவியை எடுத்துவிடாதீர்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் குழலைத் தண்ணீர்த் துப்பாக்கி என்றும், உறிஞ்சும் குழாயை யானைத் தும்பிக்கை என்றும், சிகிச்சை செய்யும் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாளான ரப்பர் டேமைப் பல்லுக்கு மழைக்கோட்டு என்றும் சொல்லலாம். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை "இது ஊசிதானே?" என்று நேரே கேட்டால் "ஆமாம்" என்றே பதில் சொல்லுங்கள். "முதல்ல ஜெல் தடவி மரத்துப்போக வைப்பேன், அப்புறம் எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு நொடி இருக்கும், நான் மெதுவா எண்ணுவேன்" என்று தொடருங்கள். ஈறை நன்றாகத் துடைத்து, ஜெல்லை ஓரிரு நிமிடம் விட்டு வைத்தால்தான் அது வேலை செய்யும். அவசரமாகத் தடவி அடுத்த கணமே ஊசியை எடுத்தால் சொன்னது பொய்யாகிவிடும்.

சிகிச்சை தொடங்கும் முன் நிறுத்தும் அடையாளம் ஒன்றைப் பேசி வையுங்கள்: இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம். குழந்தை சோதித்துப் பார்ப்பதற்காகவே முதல் நிமிடத்தில் கையைத் தூக்கும். அந்த முதல் தடவை நாம் உண்மையிலேயே நிறுத்துகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் அதன் பிறகு அளவோடுதான் கையைத் தூக்குகிறார்கள்.

பெற்றோரின் விருப்பம்

தமிழ்நாட்டில் குழந்தையோடு வருபவர் பெரும்பாலும் தாயோ பாட்டியோதான். முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். "இதை வீட்டில் யாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் தந்தையைத் தொலைபேசியில் இணைத்து, அவருக்கும் அதே விளக்கத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தாய் வீட்டுக்குப் போய் நம் விளக்கத்தைத் தன் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், பாதி விட்டுப்போகும்.

மிக அதிகமாக வரும் கேள்வி, "பால் பல்தானே, விழுந்துடும், எதுக்கு இவ்வளவு செலவு?" என்பது. இதை அறியாமை என்று எண்ணி எரிச்சல் கொள்ளாதீர்கள். கேள்வி நியாயமானது, பதிலும் எளிதானது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். ஐந்து வயதில் கடைவாய்ப் பல்லை இழக்கும் குழந்தை ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பல் இல்லாமல் மெல்ல வேண்டியிருக்கும். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல், அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாயும். அந்த ஆறு வயதுப் பல்லையும் பால் பல் என்று நினைத்துக் கெட விடும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே கண்ணாடியைக் கையில் கொடுத்து அந்தப் பல்லைக் காட்டிவிடுங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சமும் இன்னும் இருக்கிறது. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பாட்டியின் முன்னிலையில் தாயைத் திருத்துவதுபோல் சொல்ல வேண்டாம்.

சிகிச்சை முறைகளைப் பற்றிய விருப்பம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாக இருக்கும். 38 விழுக்காடு சில்வர் டயமின் ஃபுளோரைடு கரைசல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊசியோ டிரில்லோ இல்லாமல், சொட்டளவு மருந்தைத் தடவிச் சொத்தை பரவுவதை நிறுத்த இது உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சொத்தையான பகுதி கறுத்துவிடும், அந்தக் கறுப்பு நிலையானது. பின்பல்லில் இதை ஏற்றுக்கொள்ளும் பெற்றோர் பலர் முன்பல்லில் மறுக்கிறார்கள். இதே மனப்போக்கு வெளிநாட்டு ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், மருந்து தடவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களைக் காட்டிய பிறகே முடிவைக் கேளுங்கள். "கொஞ்சம் கறுக்கும்" என்று மட்டும் கேட்டுச் சம்மதித்த தாய், மறுநாள் குழந்தையின் சிரிப்பைப் பார்த்து அதிர்ந்துபோவார். தோலில் பட்டால் கறை சில நாட்களில் போய்விடும், துணியில் பட்டால் போகாது, நாக்கில் உலோகச் சுவை தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளி ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

கடைவாய்ப் பல்லுக்கு எஃகு கேப் போடச் சொன்னால், "பல் கலர்ல போட முடியாதா?" என்று கேட்பார்கள். சிர்கோனியா கேப் வெள்ளையாக இருக்கும். ஆனால் அதற்குப் பல்லை அதிகம் செதுக்க வேண்டும், குழந்தை நீண்ட நேரம் வாயைத் திறந்திருக்க வேண்டும், செலவும் கூடுதல். எஃகு கேப்பை, ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் முறையில், தகுந்த பற்களுக்கு ஊசியும் டிரில்லும் இல்லாமலேயே அழுத்திப் பொருத்தலாம். சில வாரங்கள் வரை கடி உயரமாகத் தோன்றலாம், பிறகு சரியாகிவிடும். இந்த விவரங்களைச் சேர்த்து வைத்தால், வெள்ளைதான் வேண்டும் என்று வந்த பெற்றோர் சிலர் பின்பல்லுக்கு எஃகையே தேர்ந்தெடுப்பார்கள். சிலர் வெள்ளையிலேயே உறுதியாக இருப்பார்கள். குழந்தை ஒத்துழைக்கும் நிலையில் இருந்தால் இரண்டும் சரியே. இதற்கிடையில் குழந்தையையும் கேளுங்கள். "வெள்ளிப் பல்" என்று சொன்னதும் கண்கள் மலரும் பிள்ளைகள் பலர் உண்டு.

சிகிச்சை அறைக்குள் பெற்றோர் இருப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறு குழந்தைக்குப் பெற்றோர் உள்ளே இருப்பதே நல்லது என்று நான் எண்ணுகிறேன். உள்ளே வருபவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் "வாயைத் திற, வாயைத் திற" என்றால் குழந்தை யார் சொல்வதையும் கேட்காது.

விருப்பம் முடிவு செய்ய முடியாத இடங்கள்

எல்லாவற்றையும் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு "அடுத்த வாரம் பரீட்சை, அப்புறம் வர்றோம்" என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. உடனே மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கோ, விழுங்க முடியாத அளவுக்கோ இருந்தால் அது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தரும்படி கேட்பதும் அன்றாடம் நடப்பதே. பல்லின் உள்ளே இருக்கும் காரணத்தை நீக்காமல் மாத்திரை மட்டும் தருவதால் நோய் தீராது என்று விளக்கி மறுக்க வேண்டும். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கச் சொன்னால், பிடுங்கிய பிறகு இடத்தைக் காக்கும் கருவிக்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"பிடிச்சு வெச்சுச் செஞ்சுடுங்க, டாக்டர்" என்று சில பெற்றோரே சொல்வார்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: அவசரமில்லாத சிகிச்சைக்காக எந்தக் குழந்தையையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கத்தும் குழந்தையின் வாயைக் கையால் மூடும் பழைய முறையை 2006-இல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டியிலிருந்தே நீக்கிவிட்டது. எந்த முறையைப் பெற்றோர் ஏற்கிறார்கள் என்று கேட்ட ஆய்வுகளில், 'சொல், காட்டு, செய்'யும் பாராட்டும் மேலே வருவதும், கட்டுப்படுத்திப் பிடிப்பது கீழே போவதும் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. இன்று முடியாவிட்டால் தற்காலிக அடைப்பு வைத்து, இன்னொரு நாள் வரச் சொல்லலாம். பல பற்கள் கெட்டிருந்து, எந்த வழியிலும் ஒத்துழைக்க இயலாத குழந்தைக்கு பதற்றத்தைத் தணிக்க மூக்கு வழியாகச் சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும், மயக்க மருந்து நிபுணர் முன்னிலையில் முழு மயக்கமும் இருக்கின்றன. அந்த முடிவு உங்கள் மூத்தவருடையது. பெற்றோரிடம் நீங்களாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சம்மதமும் சட்டமும்

இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவின்படி 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் சம்மதம் பொதுவாகச் சம்மதமாகக் கொள்ளப்படாது. அதன் நன்மைக்காகச் செய்யப்படுவதற்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்பது 27-ஆம் பிரிவிலிருந்து விளங்கும். 18 வயது வரை பெற்றோரின் கையெழுத்தைப் பெறுவதே நடைமுறை. தாத்தா பாட்டியோ பக்கத்து வீட்டாரோ அழைத்து வந்திருந்தால், பரிசோதனையோடு நிறுத்திக்கொண்டு, ஊசி, பல் எடுத்தல் போன்றவற்றுக்குப் பெற்றோரை வரவழையுங்கள்.

அதற்காகக் குழந்தையின் குரலுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது. 1989-இல் நிறைவேறி, 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. கையெழுத்தைப் பெற்றோரிடம் வாங்குங்கள், இசைவைக் குழந்தையிடம் கேளுங்கள்.

உங்கள் சொந்த இயல்பு

பணியாளர்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது என்றால் மூத்தவரிடம் சொல்லுங்கள். சில வாரங்கள் உதவியாளராக நின்று பார்த்த பிறகு கருவியைக் கையில் எடுக்கலாம். சலிப்பு வந்துவிட்டது என்று உணர்ந்தால் அந்தக் குழந்தையை வேறொருவரிடம் ஒப்படைத்து வெளியே வந்துவிடுவது நல்லது. ஒரு குழந்தையிடம் இரண்டு பேர் பேசக் கூடாது என்பதால், அன்று யார் பேசுவது என்பதைக் குழந்தை உள்ளே வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதிவு

கேட்டதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறாவிட்டால் அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1962-இல் ஃபிராங்கல் குழுவினர் வகுத்த நான்கு நிலை அளவுகோலில், முழு மறுப்பு, மறுப்பு, இசைவு, முழு இசைவு ஆகியவற்றுள் குழந்தை எந்த நிலையில் வந்தது, எந்த நிலையில் போனது என்று இரண்டையும் எழுதுங்கள். எண்ணோடு நிறுத்திவிடாமல், "மஞ்சள் டம்ளர் கேட்டாள், காற்று அடித்தது பிடிக்கவில்லை, பாட்டி உள்ளே இருந்தால் அமைதி, முன்பல்லில் கறுப்பு வேண்டாம் என்று தந்தை சொன்னார்" என்பது போன்ற வரிகளையும் சேருங்கள். அடுத்த முறை வேறொரு பயிற்சி மருத்துவர் பார்க்க நேர்ந்தாலும், மஞ்சள் டம்ளர் தயாராக இருந்தால் குழந்தை தன்னை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உணரும்.

கிளம்பும் முன், ஊசி போட்டிருந்தால் உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரமும் குழந்தை அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடித்து வீங்கிய உதட்டோடு மறுநாள் வரும் குழந்தைகள் பலர். அன்று மாலை பெற்றோரை ஒரு முறை அழைத்து, உதடு சரியாக இருக்கிறதா, வீட்டுக்குப் போய்க் குழந்தை என்ன சொன்னது என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள்.